நோயாளிகளைச் சந்திக்கும் வாரம்

ஆயர் ஜெபசிங்குக்குக் காதில் கோளாறு எதுவும் கிடையாது. சித்தூர் பழைய மிஷன் கோயிலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பேராயத் தேர்தலைப் பற்றி யாராவது கிசுகிசுத்தால், பலிபீடத்தருகே நிற்கிற அவருக்கு அட்சரம் பிசகாமல் கேட்கும். அப்பேர்ப்பட்ட பாம்புக் காது. சபையார் எதிரில் நின்று தங்கள் கஷ்டத்தைச் சொல்லும்போது மட்டும் அந்தக் காது சற்றே ஓய்வெடுத்துக்கொள்ளும். பாவம், அதற்கும் ஓய்வு வேண்டாமா?

இன்பசேகரன் ஆர்டிசி பஸ் டிப்போவில் டயர் செக்ஷனில் வேலை பார்த்து ரிட்டயரானவர். சுத்தியல் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிய மனிதர், குரல் கணீரென்று இருக்கும். அந்தக் குரலே ஆயரின் காதுக்குள் நுழைய முடியாமல் திண்டாடியது என்றால், மற்றவர்கள் கதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்டர் முடிந்த கையோடு அவர் மனைவி டெபோராவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஞாயிறு பள்ளியில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள், இப்போது தண்ணீர் கேட்டாலே குழறியது. சத்தியவேட்டுப் பக்கம் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் ஸ்வீட்டி ஓடி வந்தாள். லீவு தீர்ந்ததும் அழுதுகொண்டே பஸ் ஏறினாள். அதன் பிறகு சமையல், குளிப்பாட்டல் எல்லாம் இன்பசேகரன் தலையில்தான்.

கெட்டியாக எதுவும் கொடுக்க வேண்டாமென்று டாக்டர் சொல்லியிருந்ததால் தினமும் கேழ்வரகுக் கஞ்சி. முதல் நாள் அவர் உப்புப் போட மறந்துபோனார். ஒரு கரண்டி உள்ளே போனதும் டெபோரா முகத்தைச் சுளித்தாள்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று ஒவ்வோர் எழுத்தாகப் பிடித்து இழுத்துச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். "இன்னா பாக்கறீங்க? நாக்கு பேசறதுக்குத்தான் போச்சு. ருசிக்குப் போவல."

அதிலிருந்து அது ஒரு விளையாட்டாகிவிட்டது. ஒரு நாள் உப்பைக் குறைப்பார், ஒரு நாள் கூட்டுவார். அவள் கண்ணை மூடிக்கொண்டு சரியாகச் சொல்லிவிடுவாள். கையும் காலும் பேச்சும் போன உடம்பில் இது ஒன்றாவது தன்னிடம் இருக்கிறதென்று அவளுக்கு அவ்வளவு பெருமை. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் கங்கையாவைக் கூப்பிட்டு அவரிடமும் சொல்லிக் காட்டினாள்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான். ஆயர் வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுக்க வேண்டும். ஒரு துண்டு அப்பம், ஒரு வாய் திராட்சரசம், தலையில் கை வைத்து ஒரு ஜெபம்.

"இன்னொரு தரம் வந்துச்சின்னா முழுங்கக்கூட முடியாதுன்னு டாக்டர் சொன்னாரில்ல? அதுக்குள்ள வாங்கிக்கணுங்க. அந்த இனிப்பு நாக்குல பட்டா போதும், அப்பால எனக்கு பயமில்ல."

இதென்ன பெரிய விஷயம் என்று இன்பசேகரன் நினைத்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. டயர் பஞ்சர் என்று சொன்னால் உடனே ஜாக்கி வைக்கிற இடத்தில் ஆயுசைக் கழித்தவர்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆயர் கோயில் வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுப்பார். வரிசையில் நின்று இன்பசேகரனும் கையை நீட்டினார்.

"பாஸ்டரய்யா, வீட்டுல டெபோராவுக்கு வாதம் வந்து கை கால் வுழுந்துபோச்சிங்க."

"ஸ்தோத்திரம்! ரொம்ப சந்தோஷம்!" என்றார் ஆயர்.

"பேச்சும் சரியா வரலிங்க."

"எல்லாம் கர்த்தருடைய கிருபை. சந்தோஷமா இருங்க."

ஆயரின் கண் இன்பசேகரனின் தோளுக்குப் பின்னால் நின்ற கான்ட்ராக்டர் மேல் இருந்தது. கையோ இன்பசேகரனின் கையைப் பிடித்து, படியில் தொங்குகிறவனைக் கண்டக்டர் உள்ளே தள்ளுவதுபோல, நயமாக வெளியே தள்ளியது. இன்பசேகரன் விடவில்லை. சுற்றி வந்து வரிசையின் கடைசியில் மறுபடியும் நின்றார். மறுபடியும் கையை நீட்டினார்.

"ஸ்தோத்திரம்! புதுசா வர்றீங்களா? எந்த ஊரு?"

அந்தக் கோயிலிலேயே கல்யாணம் செய்துகொண்ட மனிதர் குழம்பிப்போய், "பூர்வீகம் வெதுருகுப்பங்க" என்று சொல்லிவிட்டார்.

"வெதுருகுப்பமா! அங்கிருந்து நம்மளைத் தேடி வர்றீங்க பாருங்க. அதான் ஊழியம்!" என்று ஆயர் பூரித்துப்போய் அவர் முதுகைத் தட்டினார்.

நேரில் சொன்னால் ஏறவில்லை, கமிட்டி வழியாகப் போகலாம் என்று இன்பசேகரன் கமிட்டிச் செயலாளர் பிலிப்பைப் பிடித்தார். பிலிப் ஆராதனைக்கு நடுவே ஆயரின் காதில் விஷயத்தைப் போட்டார். ஆயர் கைகளை உயர்த்தி உருக்கமாக ஜெபித்தார். கோயிலே கலங்கியது. ஆனால் டெபோரா என்பது ரெபேக்காள் என்றும், பக்கவாதம் என்பது கால் எலும்பு முறிவு என்றும் வெளியே வந்தன.

அந்தச் சபையில் நிஜமாகவே ஒரு ரெபேக்காள் இருந்தாள். திடகாத்திரமான பொம்பளை. ஜெபத்தைக் கேட்டதும் வெலவெலத்துப்போனாள். ஆயர் வாயிலிருந்து வந்துவிட்டதே என்று திங்கட்கிழமையே ஓடிப்போய் இரண்டு காலுக்கும் எக்ஸ்ரே எடுத்தாள். எலும்பில் ஒன்றுமில்லை என்று வந்தது. அடுத்த ஞாயிறு படத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சாட்சி சொன்னாள். முறிந்த எலும்பு ஒரே வாரத்தில் கூடிவிட்டதென்று சபை கைதட்டியது. ஆயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யாருக்கோ நல்லதாச்சே, வுடுங்க" என்றாள் டெபோரா.

இனி ஆள் தனியாக இருக்கும்போதுதான் பிடிக்க வேண்டுமென்று இன்பசேகரன் காலையிலேயே ஆயர் இல்லத்துக்குப் போனார். ஆயர் அங்கி போட்டுக்கொண்டு ஒரு செல்போன் ஸ்டாண்டுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். தினமும் சபையின் வாட்ஸப்பில் போடுகிற 'காலை மன்னா' செய்தி.

"பிரியமானவர்களே! இன்றைக்கு மனிதனுக்கு என்ன தேவை? பொன்னா? பொருளா? இல்லை. அவன் சொல்வதைக் கேட்க ஒரு காது தேவை! ஒரே ஒரு காது!"

இவ்வளவு தோதான சந்தர்ப்பம் எப்போது கிடைக்கும்? இன்பசேகரன் ஓரடி முன்னால் வைத்தார். "பாஸ்டரய்யா, என் சம்சாரம்..."

"ஸ்ஸ்!" ஆயர் விரலை உதட்டில் வைத்தார். "ரெக்கார்டிங் போகுது, சும்மா இருங்க." பிறகு போனைப் பார்த்து முகத்தைக் கனிய வைத்துக்கொண்டார். "மேய்ப்பன் எங்கே என்று ஆடு கத்துகிறது, பிரியமானவர்களே. யாருக்குக் கேட்கிறது?"

இன்பசேகரன் சும்மா இருந்தார். முடிந்ததும் ஆயர், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சிங்க. அது வந்து, என் சம்சாரத்துக்கு..."

"அவங்களுக்கும் அனுப்புங்க. லைக் போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மறுநாள் காலை அந்த மன்னா டெபோராவின் கட்டிலுக்கும் வந்துசேர்ந்தது. அவள் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று கண்ணை விரித்தாள்.

"இதுல உங்க குரல் கேக்குதே! 'என் சம்சாரம்'னு சொல்றீங்களே!"

"ஆமா. வெட்டாம வுட்டுட்டாரு."

"அப்ப பாஸ்டரய்யா கேட்டாரா?"

இன்பசேகரன் கஞ்சியைக் கிண்டினார். அவர் குரலுக்குக் கீழே சபையார் வரிசையாக 'ஆமென்' போட்டிருந்தார்கள்.

மறுபடி பிலிப்பிடமே போனார். நோயாளிகளுக்கு வீட்டில் திருவிருந்து கொடுப்பதற்கென்றே கோயிலில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. உள்ளே வெள்ளிக் கிண்ணமும் தட்டும். ஆயர் வர முடியாவிட்டால் உதவி ஆயரையாவது அந்தப் பெட்டியோடு அனுப்பக் கூடாதா என்று கேட்டார். பிலிப் அவரை உள்ளறைக்கு அழைத்துப்போய்க் கண்ணாடி அலமாரியைக் காட்டினார். பெட்டி பட்டுத் துணியின் மேல் இருந்தது. அதற்குக் கீழே மின்விளக்கு.

"இது சாதாரணப் பெட்டின்னு நெனச்சீங்களா? அந்தக் காலத்து மிஷனரி துரை இதை மாட்டு வண்டியில வெச்சிக்கினு, மழையில, வெயில்ல, காலரா வந்த ஊருக்கெல்லாம் போயி நோயாளிங்க வாயில ஊத்தினாரு. எவ்ளோ அடிபட்டிருக்கும்! அப்பேர்ப்பட்ட பொருளை மறுபடியும் நோயாளி வீட்டுக்கு எடுத்துக்கினு போனா அது தாங்குமா? நீங்களே சொல்லுங்க."

இன்பசேகரன் பெட்டியை இன்னொரு தரம் பார்த்தார். "அப்ப எவர்சில்வர் டம்ளர்ல குடுத்தா ஆவாதுங்களா?"

"டம்ளர்லயா!" பிலிப் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஒழுங்குன்னு ஒண்ணு கீதுங்க, இன்பசேகரன். ஒழுங்கு இல்லன்னா நமக்கும் மத்தவங்களுக்கும் இன்னா வித்தியாசம்?"

இதற்கிடையில் கர்த்தரே மனமிரங்கினாரோ என்னவோ, ஆயர் ஒரு நாள் தாமாகவே இன்பசேகரன் வீட்டு வாசலில் வந்து நின்றார். பக்கத்துத் தெருவில் கான்ட்ராக்டரின் புது வீட்டுப் பிரதிஷ்டை. புது வீட்டுக்கு இன்னும் கரண்ட் கொடுத்திருக்கவில்லை. ஆயரின் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

இன்பசேகரனுக்குக் கை கால் ஓடவில்லை. டெபோராவைத் தலையணை வைத்துத் தூக்கி உட்கார வைத்தார். அவள் இடது கையால் முந்தானையை இழுத்துத் தலையில் முக்காடிட்டாள். பிளக் பாயின்ட் கட்டிலின் தலைமாட்டில் இருந்தது. சார்ஜர் ஒயரோ குட்டை. ஆகவே ஆயர் கட்டிலை ஒட்டி நின்றபடி, தடுமாறாமலிருக்க ஒரு கையை டெபோராவின் தலையில் ஊன்றிக்கொண்டு, மறு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டார். டெபோரா பயபக்தியோடு கண்ணை மூடினாள்.

"ஆமா... ஆமா... கர்த்தர் நம்ம பக்கம் இருக்கார். தடா பக்கம் கொஞ்சம் இழுபறிதான். சத்தியவேடு ஓட்டு மொத்தமும் நமக்குத்தான். ஆமென், ஆமென்!"

அப்படியே டீ குடித்தார். அப்படியே போனைப் பிடுங்கிக்கொண்டு புறப்பட்டார். வாசலில் இன்பசேகரன் மறித்து, "திருவிருந்து..." என்று ஆரம்பித்தார்.

"விருந்தா? இப்பத்தான் கான்ட்ராக்டர் வீட்டுல பிரியாணி சாப்பிட்டேன். இன்னொரு நாளைக்கு வர்றேன்" என்று அவர் கன்னத்தைச் செல்லமாகத் தட்டிவிட்டுப் போனார்.

டெபோரா கண்ணைத் திறந்து முக்காட்டைச் சரிசெய்தாள். பிறகு கேட்டாள்: "அந்த ஆமென் எனக்கா சொன்னாரு, சத்தியவேட்டுக்கா சொன்னாரு?"

இன்பசேகரனுக்கு அன்றைக்குத்தான் வயிறு எரிந்தது. கங்கையாவின் மனைவியிடம் டெபோராவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, விடிந்ததும் திருப்பதி பஸ் ஏறினார். பேராயரிடமே முறையிட்டுவிடுவது. மொட்டையடிக்கப் போகிற கூட்டத்துக்கு நடுவே நசுங்கிக்கொண்டு போய் இறங்கி, பேராய அலுவலகத்தைத் தேடிப் பிடித்தார்.

வாசலில் இருந்த பையன், "பாஸ்டர்ங்களைப் பத்தியா? எல்லா பாஸ்டரும் உள்ளதான் கீறாங்க, போய்ப் பாருங்க" என்றான்.

உள்ளே ஏசி மண்டபம். பேராயத்தின் அத்தனை ஆயர்களும் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் பெரிய பேனர்: 'வீடு சந்திப்பு: மேய்ப்பனின் முதற்கடமை. ஒரு வாரக் கருத்தரங்கு.' இந்தப் பக்கத்துச் சபைகளில் அந்த வாரம் பிறந்தவர்களும் செத்தவர்களும் எப்படிச் சமாளித்தார்களோ தெரியாது.

மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் ஆயர் ஜெபசிங். அவரிடம் ஒரு பிரசங்கம் இருந்தது. உப்பைப் பற்றியது. கல்யாணம், கருமாதி, அறுப்பின் பண்டிகை எதுவானாலும் அதுதான். அங்கிப் பையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து உயர்த்திப் பிடித்து, "இதற்கு ருசி போய்விட்டால் யாருக்குப் பிரயோசனம்?" என்று கேட்டு நிறுத்துவார். கேட்டுக் கேட்டு சித்தூர்க்காரர்களுக்கு அந்த இடத்தில் கொட்டாவி வரும். திருப்பதியில் ஆயர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

முடிந்ததும் பேராயர் மைக்கை வாங்கி, "சபையார் யாராவது கருத்துச் சொல்ல விரும்பினால் சொல்லலாம்" என்றார். வழக்கமாக யாரும் இருக்க மாட்டார்கள் என்கிற தைரியம். இன்பசேகரன் எழுந்தார்.

"எல்லா பாஸ்டரய்யாவும் இங்கியே குந்திக்கினு கீறீங்களே, அப்ப ஊட்டைச் சந்திக்கறது யாருங்க? என் சம்சாரம் படுத்த படுக்கையா கீறா. ஒரு வாய் ரசத்துக்காக நான் எத்தினி நாளா நாயா அலையறேன்!"

டிப்போக் குரல். ஏசியையும் மீறி மண்டபம் அதிர்ந்தது. பிறகு பேராயர் கையைத் தட்டினார். உடனே எல்லோரும் தட்டினார்கள்.

"அருமை! அருமையான கேள்வி!" என்றார் பேராயர். "இந்தச் சகோதரருடைய பாரத்தை நான் உணர்கிறேன். நோயாளிகள் ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடக்கிறார்கள். ஒருவர் இந்தத் தெருவில், ஒருவர் அந்தக் குப்பத்தில். இவர்கள் இப்படி ஒழுங்கில்லாமல் படுத்துக் கிடந்தால் ஓர் ஆயர் எத்தனை வீடு ஏறி இறங்குவார்? அவரும் மனிதர்தானே? நோயாளிகளெல்லாம் ஒரே இடத்துக்கு வந்துவிட்டால் சந்திப்பு எவ்வளவு சுலபம்! இதோ அறிவிக்கிறேன்: நோயாளிகளைச் சந்திக்கும் வாரம். முதல் கூட்டம் சித்தூரில். நானே வருகிறேன்!"

ஆயர் ஜெபசிங் மேடையிலிருந்து ஓடி வந்து இன்பசேகரனைக் கட்டிக்கொண்டார். "வெதுருகுப்பத்துக்காரர்! எனக்கு நல்லாத் தெரிஞ்சவர்!" என்று பேராயரிடம் அறிமுகப்படுத்தினார்.

திரும்பி வந்து சொன்னதும் டெபோரா அழுதாள். சந்தோஷ அழுகைதான். "பேராயரே வர்றாரா? எனக்காகவா?" என்று கேட்டுக் கேட்டு மாய்ந்துபோனாள். வீட்டிலிருந்து வெளியே தூக்கிக்கொண்டு போவதில் டாக்டருக்கு இஷ்டமில்லை. அவள் பிடிவாதம் பிடித்தாள். ஈஸ்டருக்குக் கட்டிய வெள்ளைப் பட்டுப் புடவையை எடுத்து உடுத்தச் சொன்னாள். கங்கையா ஆட்டோவில் மெத்தை போட்டு ஆமை வேகத்தில் ஓட்டி வந்தார்.

"சர்ச்சு அய்யகாரு நம்ம வீட்டுக்கு வந்தா பத்து நிமிசம்ணா. இந்தம்மாவை இப்டி தூக்கிக்கினு வர்றதுக்கு ஒரு நாளு" என்று முணுமுணுத்தார். அவர் கெங்கம்மா சாமி பக்தர். சபை ஒழுங்கெல்லாம் அவருக்குத் தெரியாது.

கோயில் வளாகத்தில் ஷாமியானா. வாசலில் பேராயரும் ஆயரும் ஆளுயரத்துக்குச் சிரிக்கும் பிளெக்ஸ். நோயாளிகள் வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகளில். உட்கார முடியாதவர்களுக்குத் தரையில் பாய். பேராயர் வரத் தாமதமானதால் வெயில் ஷாமியானாவுக்குள்ளே நுழைந்து நோயாளிகளை முதலில் சந்தித்தது. தண்ணீர் பாட்டில்கள் மேடையில் இருந்தன, அவை விருந்தினருக்கு.

கார் வந்ததும் பிலிப் மைக்கில் கத்தினார்: "எல்லாரும் எழுந்து நின்று பேராயரை வரவேற்போம்! நிற்க முடிந்தவர்கள் நிற்கவும். முடியாதவர்கள் நின்றதாகப் பாவித்துக்கொள்ளவும்!"

வரவேற்புரையை ஓர் ஆஸ்துமாக்காரர் வாசித்தார். நோயாளிகளுக்கும் பங்களிப்பு வேண்டுமே! ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் மூச்சு வாங்கி, பாதியில் அவரைத் தாங்கிக்கொண்டு போய் உட்கார வைத்தார்கள். பிறகு பொன்னாடைகள். பிறகு பாட்டு. பிறகு ஆயர் எழுந்தார்.

"நான் வீடு சந்திப்பதில்லை என்று சிலர் பேசுகிறார்கள். பேசட்டும்! இதோ முன்வரிசையில் இருக்கிறாரே, இந்தச் சகோதரர் வீட்டுக்கே நான் போயிருக்கிறேன். எவ்வளவு அன்பு! அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த சார்ஜை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். எழுபது பர்சென்ட்! அங்கே யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுகூட நினைக்கிறேன்." பையில் கையை விட்டு உப்பை எடுத்தார்.

இன்பசேகரன் டெபோராவைப் பார்த்தார். அவள் வாய் ஓரத்தில் எச்சில் வழிந்தது, துடைத்துவிட்டார். அவள் கண் பேச்சில் இல்லை. மேடை மேசை மேல் அந்தப் பழைய பெட்டி திறந்திருந்தது. வெள்ளிக் கிண்ணம் தகதகவென்று மின்னிக்கொண்டிருந்தது.

பேராயர் பேசி முடித்தபோது அவருடைய டிரைவர் வந்து காதில் ஏதோ சொன்னார். திருப்பதியில் இன்னொரு திறப்பு விழா. பிலிப் பதறினார். "அப்ப முதல்ல போட்டோ எடுத்துக்கலாங்க."

போட்டோக்காரர் பவன்குமார் வரிசையை நோட்டம் விட்டு, வெள்ளைப் பட்டில் இருந்த டெபோராவைத் தேர்ந்தெடுத்தார். ஆயர் தட்டிலிருந்து அப்பத்தை எடுக்கப் போனார்.

"அதொத்து சார், வேணாம், அப்பம் போட்டோல தெரியாது. கிண்ணமே சாலு, போதும்" என்றார் பவன்குமார்.

பேராயர் ஒரு பக்கம், ஆயர் ஒரு பக்கம். ஆயர் கிண்ணத்தைக் குனிந்து டெபோராவின் உதட்டில் வைத்தார். இன்பசேகரன் அவள் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். அதனால் கிண்ணத்துக்குள் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள்.

டெபோரா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கிண்ணம் சாய்ந்தது. அவள் உறிஞ்சினாள். தொண்டை ஏறி இறங்கியது.

"ஆமென்" என்றாள். பக்கவாதம் வந்த பிறகு அவள் குழறாமல் சொன்ன ஒரே வார்த்தை அது.

"மேடம் கண்ணு மூடிட்டாங்க. இன்னொருக்கா!" என்றார் பவன்குமார்.

இன்னொரு முறை கிண்ணம் சாய்ந்தது. இன்னொரு முறை அவள் விழுங்கினாள். பளிச், பளிச். "பாகுந்தி! சூப்பர்!"

பேராயர் காரை நோக்கி நடந்தார். ஆயர் அவரோடு ஏறிக்கொள்ள ஓடினார். இன்பசேகரன் டெபோராவின் தலையை நாற்காலியில் சாய்த்துவிட்டுப் பின்னாலேயே ஓடிக் கார்க் கதவைப் பிடித்தார்.

"பாஸ்டரய்யா, கிண்ணத்துல ஒண்ணுமே இல்லிங்க! காலிக் கிண்ணங்க அது!"

"ஸ்தோத்திரம்!" என்றார் ஆயர், அவர் கையைப் பிடித்துக் குலுக்கி. "ரொம்ப சந்தோஷம்!" கண்ணாடி மேலேறியது.

பிலிப் அதற்குள் கிண்ணத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். "ரசம் ஊத்தினா வெள்ளியில கறை படியுங்க. நெஜத் திருவிருந்து தேர்தல் முடிஞ்சப்புறம் பெருசா வெச்சிக்கலாம். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, போட்டோ நல்லா வந்திருக்கு."

ஆட்டோவில் டெபோராவை மெத்தையில் படுக்க வைத்தார்கள். காந்தி சிலை தாண்டியதும் இடது கையால் கணவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பம் குடுக்கலியே?"

"தொண்டையில சிக்கும்னு குடுக்கல. ரசமே போதும்னாங்க."

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று இன்பசேகரனுக்குத் தெரியாது.

வீட்டில் கட்டிலில் படுக்க வைத்து முக்காட்டை எடுத்தபோது அவள் முகம் கோணியிருந்தது. அழுகிறாள் என்று புரியச் சற்று நேரமானது.

"இன்னாங்க... ரசம் இனிப்பா இருந்துச்சா?"

"இருந்திருக்கும். ஏன்?"

"எனக்கு ஒண்ணுமே தெரியலிங்க. இனிப்பும் தெரியல, ஈரமும் தெரியல. ரெண்டு தரம் குடுத்தாரு, ரெண்டு தரமும் தெரியல." அவள் நாக்கை வெளியே நீட்டி இடது கை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இதுவும் போச்சுங்க."

இன்பசேகரன் வாயைத் திறந்தார். உன் நாக்குக்கு ஒன்றுமில்லையடி, அந்தப் பாவிகள் உனக்குக் காலிக் கிண்ணத்தைக் கொடுத்தார்கள் என்று சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம் போதும். தெருவே கேட்கிற மாதிரி சொல்லியிருப்பார். அதற்குள் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போனா போவட்டுங்க. இனிமே எனக்கு இன்னாத்துக்கு ருசி? அதான் கர்த்தர் உள்ள போயிட்டாரே. இன்னொரு தரம் வந்தாலும் வரட்டும். எனக்கு பயமில்ல." கண்ணீரோடு சிரித்தாள். அவ்வளவு நிம்மதியான சிரிப்பை ஈஸ்டருக்குப் பிறகு அவர் பார்த்ததில்லை.

திறந்த வாயை மூடிக்கொண்டார். எதுவும் சாப்பிட வேண்டாமென்று அவள் அப்படியே தூங்கிப்போனாள்.

காலையில் போன் கிணுங்கியது. சபை வாட்ஸப்பில் போட்டோ. பேராயர், ஆயர், நடுவே கண்ணைத் திறந்துகொண்டு கிண்ணத்தில் வாய் வைத்திருக்கும் டெபோரா. கீழே 'ஆமென்' வரிசையாக ஏறிக்கொண்டே போனது. அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கஞ்சி காய்ச்சினார். கொதி வந்ததும் பழக்கத்தில் கை உப்பு ஜாடிக்குள் போனது. சிட்டிகையை எடுத்துப் பாத்திரத்துக்கு மேலே கொண்டுவந்தவர் அப்படியே நின்றார். ஒரு கரண்டி போதும், கண்ணை மூடிக்கொண்டு சரியாகச் சொல்லிவிடுவாள். சொன்ன மறுகணம் நேற்றைய கிண்ணம் காலியென்று அவளுக்குத் தெரிந்துபோகும். பிறகு அந்தப் பயம் திரும்பி வரும். திரும்பி வந்தால் அதை விரட்ட அவருக்கு எந்த ஆயரைத் தெரியும்?

அடுப்பில் கஞ்சி தளதளவென்று கொதித்துக் கெட்டிப்பட ஆரம்பித்தது. உப்பை ஜாடியிலேயே போட்டு மூடினார்.

அவளைத் தூக்கி உட்கார வைத்து, ஊதி ஆற்றி, ஒரு கரண்டி கொடுத்தார். அவள் கண்ணை மூடி நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு போட்டீங்களா?"

"போட்டேனே."

"தெரியலிங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தாள்.